முழுக்கை ரவிக்கை

அத்தியாயம் பதினான்கு

இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதுதான் பாக்கி.

கத்தோலிக்க வேதக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் அப்படித்தான். மூன்று ஞாயிறு பூசையில் சுவாமியார் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று முறை கேட்டுவிட்டால் அப்புறம் எவனும் வாயைத் திறக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸ் செசிலிக்கும் கிள்ளான் டொமினிக்குக்கும் இரண்டு ஞாயிறு கேட்டாயிற்று. இரண்டு ஊர்க் கோயிலிலும் ஒரு செருமல்கூட இல்லை.

நாளை மூன்றாவது ஞாயிறு. அதற்குள்தான் அந்தத் தபால் கார்டு வந்து தொலைந்தது.

போன வாரமே பார்த்தோம். டொமினிக்கின் தாயார் கெர்ட்ரூட் அம்மாள் நாகப்பட்டினத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டுக் கப்பலில் திரும்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. சம்பந்தம் பேசியதெல்லாம் ஆண்பிள்ளைகள். அந்த அம்மாள் எழுதிய கார்டில் நாலே வரி. சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன், சம்பந்தியம்மாளை நேரில் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் மூன்றாவது ஓலை.

என்ன விஷயம் என்று கிள்ளான் ரயிலில் கொடி காட்டுகிற கார்டு ஒருவர், பெண்ணின் தகப்பன் செபாஸ்டியன் காதோடு சொல்லிவிட்டுப் போனார். "பொண்ணோட அம்மாவுக்கு சயரோகம்னு யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருக்காங்க அண்ணே. அந்தம்மா ஆடிப் போயிருச்சு."

சயரோகம்! மகதலேனாவுக்கா!

அவள் கதை தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகதலேனா இருநூற்று நாற்பது ராத்தல். கணக்குத் தப்பாது. அவள் புருஷன் செபாஸ்டியனுக்கு ரயில்வே சாமான் ஷெட்டில் மூட்டை நிறுக்கிற வேலை. ஒரு நாள் விளையாட்டாக அவளை அந்தத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணே முக்கால் பிக்குலுக்கு மேல, மகதலே! அரிசி மூட்டையே தோத்துச்சு லா" என்றார். அன்று அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

சிரிப்பு நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு நேரமாகிவிட்டது என்று ரிக்‌ஷா கூப்பிட்டாள். ஒரு காலைப் படியில் வைத்தாயிற்று. வண்டி இழுக்கிற சீனன் அவளை மேலும் கீழும் பார்த்தான். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். "துவா ஒராங்!" என்றான். இரண்டு ஆள் கூலி வேண்டுமாம். குழாயடியில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தினால் மட்டும் சிரிப்பு தெரியாதா?

மகதலேனா காலைப் படியிலிருந்து எடுத்தாள். கோயிலுக்கு நடந்தாள். போய்ச் சேரும்போது சுவாமியார் கடைசி ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். முழங்காலும் மூச்சும் போன நிலையில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் ரிக்‌ஷாவில் ஏறவே இல்லை.

தினமும் கோழி கூவுகிற நேரத்தில் எழுந்து கோயிலுக்கு நடை. திரும்பி வந்தால் பாசாருக்கு நடை. ராத்திரிச் சோறு கிடையாது, ஒரு குவளை கேழ்வரகுக் கூழ். வீட்டில் ஆட்டுக்கறி மணக்கும்போது பின்வாசலில் போய் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாள். ஒரு நாளா இரண்டு நாளா? இருபத்திரண்டு மாதம்! மாதத்துக்கு ஒரு தடவை செபாஸ்டியன் தராசில் ஏற்றுவார். நாலு ராத்தல் குறையும், ஆறு குறையும், ஒரு மாதம் ஒன்றுமே குறையாது. குறையாத மாதத்திலும் அவள் மறுநாள் நடந்தாள். கடைசியாக நிறுத்தபோது நூற்று முப்பத்தெட்டு. அப்பேர்ப்பட்ட பொம்பிளை!

மாலையா போட்டார்கள்? யாரும் போடவில்லை. வந்தது வேறொரு தொல்லை.

சதை போய்விட்டது. தோல் போகவில்லை. கையைத் தூக்கினால் தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை தோல் தொங்கி ஆடும். வயிறு இரண்டு மடிப்பாகச் சரிந்து இடுப்பில் விழும். முதுகிலும் மடிப்பு. இந்த ஊர் வெக்கையில் மடிப்புக்குள் வியர்வை தங்கிப் புண்ணாகும். உப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும், காய விட வேண்டும், மாவு தூவ வேண்டும், மடிப்புக்கு மடிப்பு பழைய வேட்டித் துணி வைத்து, மேலே நீளத் துணியால் மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை இறுக்கிச் சுற்ற வேண்டும். தினம் மூன்று வேளை. இவ்வளவும் உள்ளே. வெளியே மணிக்கட்டு வரை மூடிய முழுக்கை ரவிக்கை. அந்த ரவிக்கையில்லாமல் அவள் ஒரு வருஷமாக வாசல் தாண்டியதில்லை.

குண்டாக இருந்தபோது சிரித்தார்கள், அது அவளுக்குப் பழகிப் போயிருந்தது. இந்தத் தோலைப் பார்த்து முகம் சுளிப்பார்களே என்று நினைக்கத்தான் அவளால் முடியவில்லை.

"கையைத் தூக்கும்மா."

சனிக்கிழமை காலை. செசிலி அம்மாவின் முதுகுப் பக்கம் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வயசு. கான்வெண்டில் ஏழாவது வரை படித்தவள். மடிப்பில் தூவுகிற மாவு அவளாகக் கண்டுபிடித்தது. வெறும் கூவை மாவு வியர்வையில் பிசுபிசுத்துப் போகிறது என்று கிச்சிலிக்கிழங்கை இடித்துச் சலித்துக் கலந்தாள். புண் ஆறியது, வாசனையும் சேர்ந்தது. அவள் விரல் நகத்தில் எப்போதும் அந்த மாவு வெள்ளையாக ஒட்டியிருக்கும்.

"நான் போயிட்டா இந்த முதுகை யாரும்மா பாப்பா?" என்றாள் செசிலி.

"உங்க அப்பா இருக்காரே."

"அப்பாவா! அவரு கட்டினா சாக்கு மூட்டை கட்டின மாதிரி இருக்கும். போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரெண்டே நாள்தான் கட்டினாரு. எவ்வளவு புண்ணு! மறந்துட்டியா?"

"நீ மொதல்ல போற வழியைப் பாரு. கிள்ளான் என்ன சீமையிலயா இருக்கு? ரயில் ஏறினா வந்துடலாம்."

"தினம் மூணு வேளை ரயில் ஏறி வர முடியுமா?"

மகதலேனா சிரித்தாள். செசிலி சிரிக்கவில்லை. துணியை இறுக்கி, முதுகுக்குப் பின்னால் முடிச்சைப் போட்டாள். பாவம், வருகிறவர்களை நினைத்துப் பயப்படுகிறாள் என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் செபாஸ்டியன் ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மகதலே, நான் ஒரு யோசனை பண்ணியிருக்கேன்."

செபாஸ்டியன் தங்கமான மனுஷன். ஆனால் அவர் யோசனை பண்ணாமல் இருக்கிற நாள்தான் வீட்டுக்கு நல்ல நாள்.

"அந்தம்மா உன்னை எப்பப் பாத்துச்சு? ஆறு வருஷத்துக்கு முன்னாடி ரவாங் கல்யாணத்துல. அப்ப நீ எப்படி இருந்தே? குண்டா இருந்தே. இன்னிக்கும் குண்டாவே காட்டிட்டா கடிதாசி பொய்யின்னு ஆயிடும். முடிஞ்சு போச்சு!"

"எப்படிங்க காட்டறது?"

அவர் தலையணையின் தையலைப் பிரித்தார். இலவம்பஞ்சு குபுகுபுவென்று பாயில் விழுந்தது.

"ஐயோ, இது பொய் இல்லையாங்க? பாவம் இல்லையா?"

"சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம். சனிக்கிழமைதானே? சுவாமி கூண்டுலதான் உக்காந்திருப்பாரு."

"ஆஸ்பத்திரி டிரசர் ஜெயராஜ் தம்பிகிட்ட, நோவு இல்லேன்னு ஒரு சீட்டு வாங்கிக் காட்டினா என்ன?"

"சீட்டு யாரு வேணா எழுதலாம்னு அந்தம்மா சொல்லிடுச்சாம். கண்ணால பாக்கணுமாம். கண்ணுக்குக் காட்டுவோம்."

மகதலேனா மகளைப் பார்த்தாள். செசிலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையின் கல்யாணம் தன் தோலால் நின்று போவதா? அந்த ஒரு நினைப்பில் அவள் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். செபாஸ்டியன் ரவிக்கைக் கைக்குள் பஞ்சைத் திணித்தார். இடுப்பைச் சுற்றித் திணித்தார். அரைமணி நேரத்தில் பழைய மகதலேனா நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் பொருந்தவில்லை.

கெர்ட்ரூட் அம்மாள் கறுப்புக் குடையும் வெள்ளைப் புடவையுமாக வந்து இறங்கினாள். ஒல்லியான, விறைப்பான விதவை. கையில் ஜெபமாலை. பின்னால் டொமினிக், கிள்ளான் ஸ்டேஷனில் கிளார்க்கு, கசங்காத கோட்டோடு. அவன் செசிலி இருந்த பக்கம் நாலு தடவை பார்த்தான். அவள் ஒரு தடவைகூட நிமிரவில்லை. வெட்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

"ஸ்தோத்திரம் சம்பந்தியம்மா."

"ஸ்தோத்திரம்" என்ற கெர்ட்ரூட் அம்மாள் மகதலேனாவை உச்சியிலிருந்து கால்வரை அளந்தாள். நெற்றி சுருங்கியது. "நல்லாத்தானே இருக்கே! முன்னாடி பாத்த மாதிரியேதான் இருக்கே."

"இருக்காதா பின்னே!" என்றார் செபாஸ்டியன், பல்லெல்லாம் தெரிய. "எவனோ பொறாமைக்காரன் எழுதிப் போட்டிருக்கான் அக்கா. காப்பி குடிங்க."

மகதலேனா காப்பியை எடுத்து நீட்டினாள். வேறென்ன நடக்கும்? ரவிக்கையின் கை ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சு எட்டிப் பார்த்தது. காற்றில் மிதந்தது. மெதுவாக இறங்கி, கெர்ட்ரூட் அம்மாளின் காப்பியில் உட்கார்ந்தது.

அந்த அம்மாள் அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்ன?"

"அது வந்து... தலையணையை வெயில்ல போட்டிருந்தோம்..." என்று செபாஸ்டியன் தொடங்கி, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகதலேனாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முதலில் அவமானம். பிறகு, அடக்க முடியாத கோபம். யார் மேல்? தன் மேல்தான். ரிக்‌ஷாக்காரன் இரண்டு விரலைக் காட்டினானே, அதே உடம்பைப் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே! இருபத்திரண்டு மாதம் ஒவ்வொரு ராத்தலாக நடந்து கரைத்ததை ஒரு தலையணையால் மறைக்கிறோமே! சீ, என்று இருந்தது அவளுக்கு.

"கொஞ்சம் இருங்க அக்கா" என்று எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் மேல் முழுக்கை ரவிக்கை இல்லை. பழைய அரைக்கை ரவிக்கை. பஞ்சும் இல்லை. இரண்டு கைகளும் வெளியே தொங்கின. கழுத்துக்குக் கீழே தோல் சுருங்கி இருந்தது. செபாஸ்டியன் "மகதலே!" என்று பதறி எழுந்தார். அவள் நேராக வந்து கெர்ட்ரூட் அம்மாளின் முன்னால் நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள். தோல் ஆடியது.

"இதைப் பாக்கத்தானே வந்தீங்க அக்கா? பாருங்க. மறைச்சது தப்பு. மன்னிச்சுக்குங்க."

கெர்ட்ரூட் அம்மாள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"மாதாவே... என் தங்கச்சிக்கும் இப்படித்தான் தொங்கிச்சு" என்றாள். "ஆறே மாசம். நான்தான் தூக்கித் தூக்கிக் குளிப்பாட்டினேன். என் மடியிலதான் போனா. அந்த வீட்டுல அடுத்த வருஷம் அவ புருஷன், அதுக்கடுத்த வருஷம் மூத்த பொண்ணு. எனக்கு இருக்கறது ஒரே பிள்ளை மகதலேனா. என் மேல கோவிச்சுக்காதே."

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை மகதலேனாவுக்கு. எதிரே உட்கார்ந்திருப்பது வம்புக்கு வந்த சம்பந்தி இல்லை. மூன்று சாவு பார்த்த ஒரு மனுஷி.

"உங்க தங்கச்சி தண்ணி எடுக்கப் போவாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"தண்ணியா! குழாயடிக்கு நடந்து போறதுக்குள்ள மூணு தடவை உக்காருவா. நாலு வார்த்தை சேந்தாப்பல பேச மாட்டா, இருமல் வந்துடும்."

"அப்படின்னா வாங்க. ஜெபமாலையைக் கையில வச்சுக்கிட்டு வாங்க."

பின்கட்டில் இரண்டு மண்ணெண்ணெய் டின் இருந்தன, மரப்பிடி போட்டவை. ரயில்வே குவாட்டர்ஸ் வரிசை முழுவதுக்கும் ஒரே குழாய், மேட்டுக்குக் கீழே. மகதலேனா டின்களைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டினாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு, மூடாத கையோடு!

பன்னிரண்டு மணி வெயில். வரிசை நெடுக வாசல்களில் பெண்கள். கைவேலை அப்படியே நின்றது. மகதலேனா நடக்க நடக்கத் தோள்பட்டையில் தோல் இப்படியும் அப்படியும் அசைந்தது. அவளுக்கு அது தெரியும். ஒவ்வொரு வாசலையும் கடக்கும்போது முதுகில் பார்வை குத்துவதும் தெரியும். உள்ளே ஓடிவிடலாமா என்று ஒரு தடவை கால் தயங்கவும் செய்தது. பின்னால் கெர்ட்ரூட் அம்மாள் குடையோடு வருகிற சத்தம் கேட்டது. மகளின் ஓலை அந்தக் குடைக்குக் கீழேதான் இருக்கிறது. நடந்தாள்.

குழாயடியில் மாரியாயி குடம் வைத்திருந்தாள். அன்றைக்கு ரிக்‌ஷாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி. மகதலேனாவின் கையைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். பாதி நிறைந்த தன் குடத்தைக் குழாயிலிருந்து நகர்த்தி, "நீங்க பிடிங்க அக்கா" என்று ஒதுங்கி நின்றாள்.

இரண்டு டின்னும் விளிம்புவரை நிறைந்தன. மகதலேனா இரண்டையும் ஒரே மூச்சில் தூக்கினாள்.

"எண்ணுங்க அக்கா" என்றாள்.

மேட்டில் ஏறிக்கொண்டே மாதாவின் அருள்நிறை மந்திரம் சொல்லத் தொடங்கினாள். முணுமுணுப்பாக இல்லை, கோயிலில் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில். ஒன்று முடிந்தது. இரண்டு. மூன்று. நாலாவதில் மேடு செங்குத்தாகிறது. குரல் இறங்கவில்லை. பின்னால் வந்த கெர்ட்ரூட் அம்மாளுக்குத்தான் மூச்சு வாங்கியது. ஆறில் அந்த அம்மாள் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டாள். எட்டில் டொமினிக் ஓடிவந்து டின்னை வாங்கக் கை நீட்டினான். மகதலேனா தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். பத்தாவது மந்திரம் முடிகிறபோது அவள் தன் வாசற்படியில் டின்களை வைத்தாள். கைப்பிடிக்குக் கீழே தண்ணீர் கொஞ்சம் அலம்பியது, அவ்வளவுதான். ஒரு இருமல் இல்லை.

யார் வாசலிலிருந்தோ "யம்மாடி!" என்று ஒரு குரல் கேட்டது. சிரிப்பு இல்லை அதில்.

கெர்ட்ரூட் அம்மாள் படியில் உட்கார்ந்து மூச்சை வாங்கிக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, தொங்குகிற அந்தத் தோலைத் தொட்டாள். முதலில் விரல் நுனியால், அப்புறம் உள்ளங்கையால். தோலைத் தள்ளிவிட்டு அடியில் அழுத்திப் பார்த்தாள்.

"என்ன இது, இரும்பாட்டம் இருக்கு!"

"தண்ணி தூக்கற கை அக்கா. பாசார்லருந்து ரெண்டு கையிலயும் சாமான் தூக்கற கை."

"என் தங்கச்சிக்குத் தோலுக்கு அடியில எலும்புதான் இருந்துச்சு. தொட்டா அனலாக் கொதிக்கும்." கெர்ட்ரூட் அம்மாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "அவ உடம்பை நோவு இறக்குச்சு. உன் உடம்பை நீயே இறக்கி வச்சிருக்கே, மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி. எப்படிம்மா செஞ்சே?"

மகதலேனா ரிக்‌ஷாக்காரனைப் பற்றிச் சொன்னாள். இரண்டு விரலை அவள் நீட்டிக் காட்டியதும் அந்த விறைப்பான விதவைக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே மகதலேனாவின் கையைப் பிடித்து இழுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"அது என்ன வாசனை? நல்லா இருக்கே. சமீபத்துல எங்கயோ மோந்தேனே..."

"எங்க செசிலி இடிக்கிற மாவு அக்கா."

செசிலி கதவோரம் நின்றிருந்தாள். திடீரென்று முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். "பாரு, சந்தோசத்தை!" என்று செபாஸ்டியன் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று மணி ரயிலுக்குக் கிளம்பும்போது கெர்ட்ரூட் அம்மாள் மகதலேனாவைத் தனியே அழைத்தாள். மடியிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கையில் வைத்தாள்.

"இந்தா, அந்த மொட்டைக் கடிதாசி. நம்பினது என் புத்தி. நீயே அடுப்புல போட்டுடு. நாளைக்கு ஓலை வாசிக்கட்டும். எங்க கிள்ளான் கோயில்ல நான் முன்வரிசையில உக்காந்து கேப்பேன்." படி இறங்கியவள் திரும்பினாள். "இன்னொண்ணு. கல்யாணத்தன்னிக்கு அந்த முழுக்கை ரவிக்கையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னே, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

செபாஸ்டியன் அவர்களை ஸ்டேஷனில் விடப் போனார். சாயங்கால வெயில் சன்னல் கம்பி வழியாகத் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. மகதலேனா அடுப்பருகே உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். எரிக்கிறதற்கு முன்னால் என்னதான் எழுதியிருக்கிறது, பார்த்துவிடலாமே!

இடது கையால் எழுதினாற்போலக் கோணல் எழுத்து. பெண்ணின் தாய்க்குச் சயரோகம். தோல் தொங்குகிறது. மறைக்க முழுக்கை ரவிக்கை போடுகிறாள். நம்பாவிட்டால் கையைப் பாருங்கள்.

கையைப் பாருங்கள். இன்று மதியம் வரை வெளி ஆள் ஒருவர்கூடப் பார்க்காத கை ஆயிற்றே அது?

காகிதத்தை மறுபடி மடிக்கப் போனவளின் விரலில் ஏதோ நெருடியது. மடிப்பின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை மாவு. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். கூவை மாவும் கிச்சிலிக்கிழங்கும்.

அவளுக்கு ஒரு கணம் அடுப்பு தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. பெற்ற மகளா! அடுத்த கணமே காலையில் கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்துவிட்டது. நான் போயிட்டா இந்த முதுகை யாரும்மா பாப்பா? அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள்? சிரித்தாள். பிள்ளை கேட்டது கேள்வி, தாய் அதைப் பேச்சு என்று நினைத்துவிட்டாள். தன் கல்யாணத்தைத் தானே நிறுத்தப் பார்க்கிற அளவுக்கு அந்தப் பெண்ணுக்கு அது பாரமாக இருந்திருக்கிறதே!

"செசிலி."

செசிலி உப்புத் தண்ணீரும் துணியுமாக வந்தாள், சாயங்காலக் கட்டுக்கு. அம்மாவின் முன்னால் பிரித்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தாள். கிண்ணம் தளும்பித் தரையில் கொட்டியது.

மகதலேனா திட்டவில்லை. எழுந்தாள். ரவிக்கையைக் கழற்றி, முதுகுக்குப் பின்னால் முடிச்சிட்ட பழைய துணியை அவிழ்த்துப் போட்டாள். ஒரு குச்சியில் துணியைச் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து, தோளுக்கு மேலே விட்டு முதுகைத் துடைத்தாள். இன்னொரு குச்சியில் மாவைத் தொட்டு எடுத்துத் தட்டினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது, மிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

பிறகு நீளத் துணியை எடுத்தாள். ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டினாள். மறுமுனையை மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு அறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றாள். துணி விறைப்பாக நின்றது. அப்படியே, ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று தானே சுழன்று சுழன்று சன்னலை நோக்கி வந்தாள். மடிப்புக்கு மடிப்பு துணி இழுத்து இறுகிக்கொண்டது. தோல் அடங்கியது. சன்னலருகே வந்து, கம்பியிலிருந்து முனையை அவிழ்த்து, முடிச்சை முன்பக்கம் போட்டாள்.

முதல் தடவை. கொஞ்சம் கோணல்தான். ஆனால் நழுவவில்லை.

"பாத்தியா?" என்றாள், மூச்சு வாங்க. "இருநூத்து நாப்பது ராத்தலை நடத்திக் கூட்டிட்டுப் போனவ நான். ஒரு முதுகுக்கா உன்னை வீட்டுல வச்சுக்குவேன்? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, பைத்தியக்காரப் பொண்ணே!"

செசிலி ஓடிவந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கம்மா... மன்னிச்சுக்கம்மா..." என்று உடம்பு குலுங்க அழுதாள். மகதலேனா வெறும் கையால் அவளை வளைத்துப் பிடித்துக்கொண்டாள். தொங்குகிற தோல் மகளின் முதுகில் படர்ந்ததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

கோயில் மணி திரிகால ஜெபத்துக்கு அடித்தது. நாளைக் காலை அதே மணி பூசைக்கு அடிக்கும், ஓலை வாசிப்பார்கள்.

"போதும், எழுந்திரு. கண்ணைத் துடை. கடிதாசியை அடுப்புல போட்டுடலாம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். முதுகுக் கவலை உனக்கு இனிமே கிடையாது, ஆச்சா?"

செசிலி நகரவில்லை. அம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே, மிக மெல்லச் சொன்னாள்:

"முதுகுக்காக மட்டும் எழுதலம்மா."